எரிவாயுக் குழாய் நிறுவனங்களின் இயக்குநர்களுக்கு: கடன் கணக்கை ஒரே தாளில் கொடுங்கள்

எரிவாயுக் குழாய் நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் இருக்கும் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும், அவர்களைக் கண்காணிக்கும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் அதிகாரிகளுக்கும் கோத்தகிரியிலிருந்து வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிறுவனத்தின் நீண்டகாலக் கடன் கடந்த பத்து ஆண்டுகளில் எப்படி ஏறியது, எப்படி இறங்கியது, இனி எந்த ஆண்டில் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கிறது என்பதை ஒரே தாளில், ஒரே அட்டவணையாக, ஆண்டுக்கு இரண்டு முறை வெளியிடுங்கள். ஆங்கிலத்தோடு தமிழிலும் வெளியிடுங்கள். இந்த அட்டவணை இல்லாமல் எந்த நிதிப் பிரிவிலும் ஒரு மாதம்கூட வேலை ஓடாது. ஆகவே இல்லாததைக் கேட்கவில்லை. உங்கள் மேசையில் இருப்பதை எங்கள் கண்ணிலும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் பல காலம் கணக்கு எழுதியவள். ஓய்வுக்குப் பிறகு, அக்கம்பக்கத்தார் தங்கள் முதலீட்டுக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள், பள்ளி ஆசிரியர்கள், எஸ்டேட் அலுவலக ஊழியர்கள், பச்சைத்தேயிலை விற்று மிச்சம் பிடித்த சிறு விவசாயிகள் என்று பலரும் வருவார்கள். முன்பெல்லாம் அவர்கள் கையில் தபால் அலுவலகப் பாஸ்புக்கும் வங்கி வைப்புநிதி ரசீதும்தான் இருக்கும். இப்போது கடன் பத்திரங்களும் பங்குகளும், சாலை, குழாய் போன்ற சொத்துகளின் வருமானத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் உள்கட்டமைப்பு முதலீட்டு அறக்கட்டளைகளின் யூனிட்டுகளும் சேர்ந்துவிட்டன.

இந்த மாற்றத்துக்கு செபியே ஒரு காரணம். தனிப்பட்ட முறையில் (குறிப்பிட்ட சிலருக்கு மட்டும்) வெளியிடப்படும் கடன் பத்திரங்களின் முகமதிப்பு, அதாவது ஒரு பத்திரத்தின் அடிப்படைத் தொகை, முன்பு 10 லட்சம் ரூபாய். 2023 தொடக்கத்தில் அதை 1 லட்சமாகக் குறைத்தீர்கள். 2024-இல் 10,000 ரூபாய்க்கும் வெளியிடலாம் என்று அனுமதித்தீர்கள். இணைய வழியில் பத்திரம் விற்கும் தளங்களுக்கு 2022 நவம்பரில் விதிமுறை வகுத்தீர்கள். நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். பெரும் பணக்காரருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மட்டும் கிடைத்த வட்டி ஓர் ஆசிரியருக்கும் கிடைக்கட்டும். ஆனால் 10 லட்சம் போடுகிறவருக்குக் கணக்குப் பார்க்க ஆள் இருக்கும். 10,000 போடுகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? வாசலைத் திறந்துவிட்டவர்கள் உள்ளே வெளிச்சமும் போட வேண்டும் இல்லையா?

எங்கள் வீடுகளுக்குக் குழாயில் எரிவாயு வருவதில்லை. சிலிண்டர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் மலை ஏறி வருகின்றன. பெருமழையில் மண் சரிந்தால் சாலை திறக்கும்வரை காத்திருக்கிறோம். இவர்களுக்குக் குழாய் நிறுவனத்தின் கடனில் என்ன அக்கறை என்று நீங்கள் நினைக்கலாம். குழாய் மலை ஏறாவிட்டாலும் எங்கள் பணம் மலை இறங்கிவிட்டது. சிலர் நேரடியாகப் போட்டிருக்கிறார்கள். பலருடைய பணம் பரஸ்பர நிதி, காப்பீடு, வருங்கால வைப்புநிதி வழியாக, அவர்களுக்கே தெரியாமல் போயிருக்கிறது.

தொழில்களிலேயே குழாய்த் தொழிலின் கடன் ஒரு தனி ரகம். மண்ணுக்குள் புதைத்த இரும்பைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது. முதல் நாளிலேயே மொத்தப் பணமும் போய்விடும். வருமானம் அப்புறம் சிறுகச் சிறுக வரும். நம் நாட்டில் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் கட்டணத்தை நிர்ணயிக்கும்போது, போட்ட மூலதனத்தின் மேல் வரி போக 12 சதவீதம் கிடைக்கும்படி கணக்கிடுகிறது. குழாயின் பொருளாதார ஆயுளை முன்பு 25 ஆண்டுகள் என்று வைத்திருந்தார்கள், பிறகு 30 ஆக்கினார்கள். ஆக, இன்று 58 வயதில் ஓய்வு பெற்று ஒரு குழாய் நிறுவனத்தை நம்பிப் பணம் போடுகிறவர், பெரும்பாலும் தன் மிச்ச ஆயுளைவிட நீண்ட ஒரு சொத்தின் மேல் போடுகிறார். அப்படிப்பட்ட சொத்தின் கடனை ஓர் ஆண்டறிக்கையை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள வழியே இல்லை. ஆண்டறிக்கையில் இருப்பது இந்த மார்ச் 31, போன மார்ச் 31 என்ற இரண்டு தேதிகள்தான்.

அந்த இரண்டு தேதிகளை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி ஏமாறக்கூடும் என்பதைக் கற்பனை எண்களில் காட்டுகிறேன். இருப்புநிலைக் குறிப்பில் நீண்டகாலக் கடன் போன ஆண்டு 8,000 கோடி, இந்த ஆண்டு 7,200 கோடி என்று இருக்கிறது. படிக்கிறவர் 800 கோடிக் கடன் அடைபட்டுவிட்டது என்று மகிழ்வார். ஆனால் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்ட வேண்டிய தவணைகள் நீண்டகாலக் கடன் என்ற தலைப்பிலிருந்து விலகிக் குறுகியகாலக் கடனுக்குள் போய்விடும். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை அப்படித்தான் காட்டச் சொல்கிறது. அந்தத் தவணை போன ஆண்டு 500 கோடி, இந்த ஆண்டு 1,500 கோடி என்று வையுங்கள். அப்போது மொத்தக் கடன் போன ஆண்டு 8,500 கோடி, இந்த ஆண்டு 8,700 கோடி. கடன் குறையவே இல்லை, 200 கோடி கூடியிருக்கிறது. 500 கோடியைத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள், 650 கோடி புதிதாக வாங்கியிருக்கிறார்கள், டாலர் ஏறியதில் 50 கோடி சேர்ந்திருக்கிறது. யாரும் பொய் எழுதவில்லை. எல்லாம் விதிப்படிதான் இருக்கிறது. ஆனாலும் படித்தவர் மனதில் நேர் எதிரான படம் பதிந்துவிட்டது.

தொடக்க இருப்பு, புதிதாக வாங்கியது, திருப்பிக் கட்டியது, செலாவணி மாற்றம், இறுதி இருப்பு என்று இந்தக் கணக்கைக் கோத்துக் காட்டும் ஓர் அட்டவணை 2017 ஏப்ரல் முதல் பணப்புழக்க அறிக்கையோடு கட்டாயம். இந்தியக் கணக்கியல் தரநிலை 7 அதைக் கேட்கிறது. நான் வழக்கமாக முதலில் தேடுவது இந்த அட்டவணையைத்தான். சில ஆண்டறிக்கைகளில் தெளிவாக இருக்கும். சிலவற்றில் முந்நூறாம் பக்கத்துக்கு அப்பால், ஏதோ ஒரு குறிப்பின் வாலில், எல்லாக் கடனையும் ஒரே வரியில் சேர்த்துப் போட்டிருப்பார்கள். ஒரு நிறுவனத்தைப் பத்து ஆண்டுகளுக்குத் தொடர வேண்டுமானால் பத்து ஆண்டறிக்கைகளைத் திறந்து, பத்து இடங்களில் தேடி, கையால் கோக்க வேண்டும். நடுவில் ஓர் ஆண்டு தலைப்புகளை மாற்றியிருப்பார்கள். முந்தைய ஆண்டின் எண்களையும் மாற்றி வகைப்படுத்தியிருப்பார்கள். தொடர்ச்சி அங்கே அறுந்துபோகும்.

அதைத் தாண்டினால் அடுத்த சிக்கல், கடன் வேறு வேறு பெயர்களில் வெவ்வேறு இடங்களில் இருப்பது. குத்தகைக் கடப்பாடு என்று ஒரு வரி இருக்கும். 2019 ஏப்ரல் முதல் வந்த தரநிலை 116-க்குப் பிறகு அதுவும் நீண்ட காலத்துக்குக் கட்ட வேண்டிய பணம்தான், ஆனால் கடன் என்ற தலைப்பின் கீழ் வராது. பத்திரங்களும் அவற்றின் முழு முகமதிப்பில் தெரிவதில்லை. வெளியீட்டுச் செலவைக் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் மதிப்பில் இருக்கும். ஆகவே கட்ட வேண்டிய தொகை வேறு, காட்டும் தொகை வேறு. கூட்டு நிறுவனங்களின் கடன் ஒருங்கிணைந்த கணக்கில்கூட வராது. உங்கள் பங்கின் நிகர மதிப்பு மட்டும் ஒரே வரியில் வரும். அந்தக் கூட்டு நிறுவனத்தின் கடனுக்கு நீங்கள் உத்தரவாதம் கொடுத்திருந்தால், அது எங்கோ தொலைவில் ஒரு குறிப்பில் இருக்கும். நம் நாட்டில் பல குழாய்ப் பாதைகளைக் கூட்டு நிறுவனங்கள்தான் அமைக்கின்றன. அதனால் இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது.

வட்டிக்கும் இதே கதைதான். குழாய் பதிக்கும் காலம் முழுவதும் அந்தத் திட்டத்துக்கான கடனின் வட்டி லாப நட்டக் கணக்குக்கு வராது. சொத்தின் விலையோடு சேர்ந்துவிடும். தரநிலை 23 சொல்லும் முறைதான் அது, தவறில்லை. ஆனால் லாபத்தை வட்டியால் வகுத்து, “வட்டியைப் போல ஆறு மடங்கு சம்பாதிக்கிறார்கள், பயமில்லை” என்று சொல்கிறவர், மூலதனத்தில் சேர்ந்த வட்டியையும் கூட்டினால் அது நான்கு மடங்காக இறங்கலாம் என்பதைப் பார்க்க மாட்டார். குழாயில் எரிவாயு ஓடத் தொடங்கும் நாளிலிருந்து ஏறும் வட்டி முழுவதும் லாப நட்டக் கணக்குக்கு வந்துவிடும்.

வெளிநாட்டு நாணயக் கடன் இன்னொன்று. 2014-இல் ஒரு டாலர் ஏறக்குறைய 60 ரூபாய். 2024 முடிவில் 85-ஐத் தொட்டுவிட்டது. 10 கோடி டாலர் கடன் வாங்கி, அசலில் ஒரு டாலரும் கூடாமல் வைத்திருந்தாலும், ரூபாயில் 600 கோடி 850 கோடியாகியிருக்கும். முன்கூட்டியே விலை பேசிப் பாதுகாத்திருந்தால் இந்த அடி குறையும். எவ்வளவு பங்கைப் பாதுகாத்திருக்கிறீர்கள் என்பதை எல்லோரும் தெளிவாகச் சொல்வதில்லை.

சரி, கடனைத் தொடர்ந்து பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது அமெரிக்காவின் கிண்டர் மார்கன் என்ற குழாய் நிறுவனத்தின் கதை. ஹூஸ்டன் நகரத்தைச் சேர்ந்த அந்த நிறுவனம் 2012-இல் எல் பாசோ என்ற இன்னொரு குழாய் நிறுவனத்தை வாங்கியது. 2014-இல் தன் கிளை நிறுவனங்களை எல்லாம் ஒன்றாக்குவதாக அறிவித்தது. கடனையும் சேர்த்து அது ஏறக்குறைய 7,000 கோடி டாலர் பெறுமான ஏற்பாடு. பங்காதாயத்தை ஆண்டுக்குப் பத்து சதவீதம் வீதம் 2020 வரை உயர்த்துவோம் என்று சொன்னார்கள். ஓய்வு பெற்றவர்கள் நம்பி வாங்கினார்கள். அந்த நிறுவனம் கையில் வரும் பணத்தில் பெரும்பகுதியைப் பங்காதாயமாகக் கொடுத்துவிட்டு, புதுக் குழாய்களுக்குப் பங்கு விற்றும் கடன் வாங்கியும் பணம் திரட்டியது. கச்சா எண்ணெய் விலை விழுந்து, பங்கு விலையும் விழுந்தபோது, பங்கு விற்கும் வழி அடைபட்டது. கடன் 4,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது. வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கும் முன் உள்ள ஓராண்டு வருவாயைப்போல ஐந்து மடங்குக்கு மேல். 2015 டிசம்பர் தொடக்கத்தில், கடனைக் கட்டும் திறனுக்குத் தரக்குறியீடு கொடுக்கும் மூடிஸ் நிறுவனம் அதன் தரக்குறியீட்டின் எதிர்காலம் பாதகமானது என்றது. டிசம்பர் 8 அன்று காலாண்டுப் பங்காதாயம் 51 சென்டிலிருந்து 12.5 சென்டாக இறங்கியது. முக்கால் பங்கு போய்விட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தக் கடனில் எதுவும் மறைக்கப்படவில்லை என்பதுதான். ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் இருந்தது. ஆண்டறிக்கையில் ஒவ்வொரு பத்திரமும் எந்த வட்டி, எந்த ஆண்டு முதிர்வு என்று தனித்தனியாக இருந்தது. தொடர்ந்து பார்த்தவர் எச்சரிக்கையாக இருந்திருக்க முடியும். அதன் பிறகு அந்த நிறுவனம் கடனைக் குறைப்பதையே வேலையாக எடுத்துக்கொண்டது. 2018-இல் டிரான்ஸ் மவுண்டன் குழாயைக் கனடா அரசுக்கு 450 கோடி கனடா டாலருக்கு விற்றது. அந்த இறக்கத்தையும் காலாண்டு காலாண்டாகப் பார்க்க முடிந்தது. 2020 அக்டோபரில் எனர்ஜி டிரான்ஸ்ஃபர் என்ற இன்னொரு குழாய் நிறுவனம் கடனை அடைப்பதற்காகவே முதலீட்டாளருக்குக் கொடுக்கும் பங்கீட்டைப் பாதியாகக் குறைத்தது. குழாய் நிறுவனத்தில் பங்காதாயத்தைத் தீர்மானிப்பது கடைசியில் கடன்தான்.

நம் நாட்டில் பலரும் தரக்குறியீட்டைப் பார்த்தால் போதும் என்று இருக்கிறார்கள். மிக உயர்ந்த தரமான ‘டிரிபிள் ஏ’ என்று போட்டிருக்கிறது, அப்புறம் என்ன என்பார்கள். உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனத்துக்கும் 2018 ஆகஸ்ட் தொடக்கம் வரை அந்த மூன்று எழுத்து இருந்தது. செப்டம்பரில் தவணை தவறிவிட்டது. குழுமத்தின் கடன் 90,000 கோடி ரூபாய்க்கு மேல். அது முந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களில் சிதறிக் கிடந்தது. மொத்தத்தையும் ஒரே தாளில் கோத்துப் பார்த்தவர்கள் வெளியே யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பரஸ்பர நிதிகளும் ஓய்வூதிய அறக்கட்டளைகளும் மாட்டிக்கொண்டன. அது குழாய் நிறுவனம் இல்லை என்பீர்கள். சாலை, மின்சாரம், குழாய் எல்லாமே நீண்ட ஆயுள் சொத்துகள், நீண்ட கடன்கள்தானே.

நீலகிரிக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஐஎல் அண்ட் எஃப்எஸ் வரை போகவும் வேண்டியதில்லை. ஊட்டி இந்துநகரில் இருந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்தது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. விரிவாக்கத்துக்கு வாங்கிய கடன், இறக்குமதிப் போட்டி, அப்புறம் டிஜிட்டல் கேமரா என்று அடி மேல் அடி விழுந்தது. கடைசி ஆண்டுகளில் அது காட்டிய நஷ்டத்தில் பெரும்பகுதி வட்டிதான். எந்திரம் ஓடாத நாளிலும் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் இன்று தங்கள் ஓய்வுக்காலப் பணத்தைப் பத்திரங்களில் போடலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நல்ல தரவு வேண்டும்.

எந்த ஆண்டில் எவ்வளவு முதிர்கிறது என்பதை நான் ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்வார்கள். கவாத்து செய்த பகுதியில் சில மாதங்களுக்கு இலை இருக்காது. அதனால் அனுபவமுள்ள விவசாயி மொத்தத் தோட்டத்தையும் ஒரே ஆண்டில் வெட்ட மாட்டார், பகுதி பகுதியாகத்தான் வெட்டுவார். கடன் முதிர்வும் அப்படித்தான் பிரிந்து இருக்க வேண்டும். ஒரே ஆண்டில் குவிந்தால், அந்த ஆண்டு வட்டி விகிதம் உச்சத்தில் இருந்தாலும், வங்கிகள் கையை மடக்கிக்கொண்டிருந்தாலும், பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கியே ஆக வேண்டும். ஆனால் நம் ஆண்டறிக்கைகளில் பெரும்பாலும் இருப்பது ‘ஓராண்டுக்குள்’, ‘ஒன்று முதல் ஐந்து ஆண்டுகள்’, ‘ஐந்து ஆண்டுக்கு மேல்’ என்ற மூன்று பெட்டிகள்தான். எத்தனை பெட்டி வைக்கலாம் என்பதைத் தரநிலை 107 நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ‘ஒன்று முதல் ஐந்து’ என்ற பெட்டிக்குள் 6,000 கோடி இருந்தால், அது ஆண்டுக்கு 1,500 வீதம் பரவியிருக்கிறதா, அல்லது மூன்றாம் ஆண்டில் 5,000 கோடி குவிந்திருக்கிறதா என்று வெளியாருக்குத் தெரிய வழியில்லை. அமெரிக்கக் கணக்கு விதிகள் அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனித் தொகையைக் கேட்கின்றன. ஹூஸ்டனில் இருக்கும் ஓய்வூதியருக்குத் தெரிவது கோத்தகிரி ஓய்வூதியருக்கு ஏன் தெரியக் கூடாது?

தமிழ்நாட்டில் குழாய் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது கொச்சி, கூட்டநாடு, பெங்களூரு, மங்களூரு பாதைதான். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியாக ஏறக்குறைய 310 கிலோமீட்டர் போக வேண்டிய பகுதி அதில் இருந்தது. விவசாயிகள் எதிர்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்று 2013-இல் மாநில அரசு சொன்னது. 2016-இல் உச்ச நீதிமன்றம் குழாய் அமைக்கும் கெயில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உரியவரிடமே இருக்கும், பயன்பாட்டு உரிமை மட்டும் போகும். அதற்கு இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதம். தென்னை மரம்கூட வைக்க முடியாத நிலத்துக்கு 10 சதவீதம் எந்தக் கணக்கிலும் நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்த விவசாயிகள் கேட்டதில் நியாயம் இருந்தது. கேரளம், கர்நாடகம் வழியாகக் கொச்சியிலிருந்து மங்களூரு போகும் 450 கிலோமீட்டர் பகுதி 2021 ஜனவரி 5 அன்றுதான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிலத்துக்கு உரியவர் ஒப்புக்கொள்ளாமல் ஒரு திட்டம் நிற்கும் ஒவ்வோர் ஆண்டும் போட்ட பணம் சும்மா கிடக்கிறது. கடன் வாங்கிப் போட்டிருந்தால் வட்டி ஏறுகிறது. அதனால் எந்தக் கடன் எந்தப் பாதைக்காக வாங்கியது, அந்தப் பாதையில் எரிவாயு ஓடுகிறதா, ஓடினால் கொள்ளளவில் எத்தனை சதவீதம் ஓடுகிறது என்பதும் கடன் அட்டவணையோடு சேர்ந்து வர வேண்டும். முடிவடையாத பணிகள் எத்தனை ஆண்டாக நிற்கின்றன என்பதை 2021-22 கணக்கிலிருந்து காட்டத்தான் செய்கிறீர்கள். அந்தப் பட்டியலையும் கடன் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். விவசாயிக்கு நியாயமான இழப்பீடு கொடுத்துச் சீக்கிரம் முடிப்பதா, குறைத்துக் கொடுத்து வழக்காடி வட்டி கட்டுவதா, எது மலிவு என்பதும் அப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

உள்கட்டமைப்பு முதலீட்டு அறக்கட்டளைகளையும் விட்டுவிடக் கூடாது. செபி அவற்றுக்கு 2014-இல் விதி வகுத்தது. சொத்து மதிப்பில் 49 சதவீதம் வரை கடன் வைக்கலாம் என்று இருந்ததை, உயர்ந்த தரக்குறியீடு போன்ற நிபந்தனைகளோடு 2019-இல் 70 சதவீதம் வரை உயர்த்தினார்கள். காக்கிநாடாவிலிருந்து பரூச் வரை போகும், ஏறக்குறைய 1,480 கிலோமீட்டர் நீளமுள்ள எரிவாயுக் குழாயும் 2019-இல் இப்படி ஓர் அறக்கட்டளையின் கைக்குப் போனது. இந்த அறக்கட்டளைகள் கொடுக்கும் பங்கீட்டில் வட்டி ஒரு பகுதி, பங்காதாயம் ஒரு பகுதி, அசலைத் திருப்பிக் கொடுப்பது ஒரு பகுதி. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் மூன்றையும் வருமானம் என்றே எண்ணிச் செலவழிக்கிறார்கள். தங்கள் அசலே தங்களிடம் திரும்பி வருகிறது, குழாய்க்கு வயதாகிறது, அதன் கடன் மட்டும் அப்படியே நிற்கிறதா குறைகிறதா என்பதைப் பார்க்க ஒரு தொடர் அட்டவணை இருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்!

“எல்லாம் ஏற்கெனவே வெளியிட்டிருக்கிறோம், தேடிப் பாருங்கள்” என்ற பதில் வரும் என்று எனக்குத் தெரியும். காணொளி வழியாக நடந்த ஒரு நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்து, இதையே கேட்டேன். விவரங்கள் குறிப்புகளில் உள்ளன என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். குறிப்புகளில் இருப்பது உண்மைதான். கடன் பத்திரங்களுக்கு, அவற்றை மின்னணு வடிவில் வைத்துக் காக்கும் டெபாசிட்டரிகள் நடத்தும் பொதுத் தரவுத்தளமும் இருக்கிறது, ஒவ்வொரு பத்திரத்துக்கும் உரிய ஐஎஸ்ஐஎன் எண்ணைப் போட்டால் ஒவ்வொரு பத்திரத்தின் முதிர்வும் வருகிறது. ஆனால் வங்கிக் கடன் அதில் வராது. வெளிநாட்டுக் கடன் வராது. உத்தரவாதம் வராது. துண்டு துண்டாக ஆறு இடங்களில் இருப்பதை வெளிப்படைத்தன்மை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. போட்டியாளர்களுக்கு ரகசியம் தெரிந்துவிடும் என்ற வாதமும் குழாய்த் தொழிலுக்குப் பொருந்தாது. ஒழுங்குமுறை வாரியம் கட்டணம் நிர்ணயிக்கும் தொழிலில், உங்கள் கடன் முதிர்வை அறிந்து யாரும் பக்கத்தில் இன்னொரு குழாய் புதைத்துவிடப் போவதில்லை.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று என் கணக்கறிவுக்கு எட்டியவரை சொல்கிறேன். குறைந்தது பத்து ஆண்டுகள் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டுக்கும் தொடக்க இருப்பு, புதிதாக வாங்கியது, திருப்பிக் கட்டியது, செலாவணியால் கூடியது அல்லது குறைந்தது, இறுதி இருப்பு. அடுத்த ஆண்டுத் தவணையும் குத்தகைக் கடப்பாடும் இதற்குள்ளேயே வர வேண்டும். முகமதிப்பைக் காட்டுங்கள், கணக்கு மதிப்பைப் பக்கத்தில் எழுதுங்கள். அதற்குக் கீழே, கடைசிக் கடன் முடியும் ஆண்டுவரை ஆண்டுவாரியாக எவ்வளவு முதிர்கிறது என்பது. நிலையான வட்டி எவ்வளவு, மாறும் வட்டி எவ்வளவு. கூட்டு நிறுவனங்களுக்குக் கொடுத்த உத்தரவாதம். மூலதனத்தில் சேர்த்த வட்டி. இந்த ஆண்டு ஒரு தலைப்பை மாற்றினால், பழைய ஆண்டுகளையும் அதே தலைப்பில் மாற்றி எழுதுங்கள், தொடர்ச்சி அறாமல் இருக்கும். முக்கியமாக, ஸ்கேன் செய்த படமாகப் போடாதீர்கள். பிரதி எடுத்துக் கூட்டிப் பார்க்கக்கூடிய விரிதாளாகப் போடுங்கள்.

தமிழைப் பற்றி ஒரு வார்த்தை. செபி முதலீட்டாளர் கல்விக் கையேட்டைத் தமிழிலும் வெளியிட்டிருக்கிறது, நானும் அதைப் பலருக்குக் கொடுத்திருக்கிறேன். எச்சரிக்கையாக இருங்கள் என்று தமிழில் சொல்கிறீர்கள். எச்சரிக்கையாக இருக்கத் தேவையான எண்களையும் தமிழில் கொடுங்கள். ஒரு பக்க அட்டவணைக்கு இருபது தலைப்புகள்தான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். ஒருமுறை செய்தால் முப்பது ஆண்டுக்கு அதுவே போதும்.

செபி அதிகாரிகளிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். கடன்-பங்கு விகிதம், கடன் சேவை விகிதம் (வட்டியையும் தவணையையும் கட்ட வருவாய் எத்தனை மடங்கு இருக்கிறது என்பது) போன்றவை 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணம் சொல்ல வேண்டும் என்று ஏற்கெனவே நிறுவனச் சட்ட விதிகளில் இருக்கிறது. சொல்லும் காரணங்களைப் படித்துப் பாருங்கள். ‘கடன் கூடியதால் விகிதம் கூடியது’ என்று எழுதுகிறார்கள். கடன் ஏன் கூடியது என்பதுதான் கேள்வி. எந்தப் பாதைக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்த வட்டியில் வாங்கினார்கள் என்று சொல்லாத பதிலை ஏற்காதீர்கள். சிறு முதலீட்டாளருக்கு 10,000 ரூபாயில் பத்திரம் விற்க விரும்பும் எந்தக் குழாய் நிறுவனமும் முதலில் இந்த ஒரு தாளை வெளியிட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். விருப்பப்பட்டுச் செய்கிறவர்கள் முன்வரட்டும், மற்றவர்களுக்கு விதி வரட்டும்.

நான் எந்த நிறுவனத்தின் மேலும் குற்றம் சுமத்த இதை எழுதவில்லை. நாட்டுக்கு எரிவாயுக் குழாய்கள் தேவை, அவற்றைக் கடன் இல்லாமல் அமைக்க முடியாது. கடன் கொடுக்கிறவர்களில் நாங்களும் இருக்கிறோம் என்பதால் எங்களுக்கும் கணக்குக் காட்டுங்கள் என்கிறேன்.

ஆண்டுக் கணக்கு மார்ச் 31-இல் முடிகிறது. பொதுக்கூட்டங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கின்றன. கூட்ட அழைப்போடு இந்தத் தாளும் வந்து சேரட்டும். வந்த அன்றே அதைப் பிரதி எடுத்து, என்னிடம் வருகிறவர்களுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டுவேன். புரியாத வரி ஏதாவது இருந்தால் கூட்டத்தில் கேட்போம்.

இப்படிக்கு,
பத்திரங்களில் சேமிப்பை வைத்திருக்கும் ஒரு முன்னாள் கணக்கர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்